அன்றைக்கு சர்வர் வேலை செய்யவில்லை

அண்ணா, தப்பாக நினைக்காவிட்டால் கொஞ்சம் எழுந்து வழிவிடுங்கள். நான் ஜன்னல் பக்கம் போய்விடுகிறேன். காற்றுக்காகக் கேட்கவில்லை. யாரோடு பேசினாலும் அவர்களுக்கு இடது பக்கம் உட்கார்ந்தே எனக்குப் பழகிவிட்டது. வீட்டுப் பழக்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கதையில் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடக்கூடாதாம்.

ஆமாம், இது கதைதான். சிவப்பு மையைப் பார்த்துப் பரீட்சைப் பேப்பர் என்று நினைத்துவிட்டீர்கள். அடித்துத் திருத்தியது நானேதான். தருமபுரியில் ஒரு கோச்சிங் சென்டரில் பேப்பர் திருத்துகிறேன், கைக்கு அந்தப் பேனாதான் வருகிறது. படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங். அதைச் சொன்னதும் எல்லாரும் உங்களை மாதிரித்தான் ஒரு தடவை என் சட்டையைப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

பெயர் வேடியப்பன். அரூருக்குப் பக்கத்தில் ஊர். அப்பா கல் குவாரியில் வேலை, அம்மா களையெடுக்கப் போவார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். இப்படிப் புத்தகத்தில் இருக்கிற மாதிரி நான் பேசுவதைக் கேட்டு அக்கா கேலி செய்வாள். "டேய், ரேடியோல செய்தி வாசிக்கிறியா?" என்பாள். கல்லூரியில் வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடுமோ என்று பயந்து பயந்து இப்படி ஆகிவிட்டது. இப்போது இந்தப் பேச்சு என்னை விட மாட்டேன் என்கிறது.

நீங்கள் சூளகிரி, நான் ஓசூர். நேரம் இருக்கிறது. ஒன்று கேட்கட்டுமா? ஒரு கதையை எந்த இடத்தில் ஆரம்பிப்பது?

சிரிக்காதீர்கள் அண்ணா. எனக்குத் திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.

சென்னையில் ஒரு பத்திரிகை. புதிதாக எழுதுகிறவர்கள் பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்துப் புத்தகம் போடுகிறார்கள். ஆயிரத்துச் சொச்சம் கதைகள் வந்ததாம். அதில் பத்தாவதாக என்னுடையது. அப்பா குவாரி முழுக்கச் சொல்லிவிட்டார். லாரி டிரைவர் ஒருவர் நேற்று என்னைப் பார்த்து, "என்ன எழுத்தாளரே" என்று கூப்பிட்டார். ஆனால் அந்தப் பத்திரிகையில் யசோதரா மேடம் என்று ஒருவர் இருக்கிறார், அவர்தான் ஆசிரியர். அவர் போனில் சொன்னார்: "கதை பரவாயில்ல தம்பி. ஆரம்பம்தான் சரியில்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து நின்னுக்கிட்டுக் கதை சொல்றீங்க. இன்னும் முன்னாடி போங்க." முன்னாடி போனேன். பிறகும் அதையேதான் சொன்னார். மூன்று தடவை ஆரம்பத்தை மாற்றிவிட்டேன். மூன்றையும் சொல்கிறேன், எது சரியென்று நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்குக் கதை படிக்கிற பழக்கம் இல்லை என்றால் இன்னும் நல்லது.

கதை என் அக்காவைப் பற்றியது. அம்சவேணி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். கதையில் பெயரை மாற்றிவிட்டேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி. நான் பொய் எழுத மாட்டேன், அண்ணா. எழுதவும் வராது.

முதலில் எழுதிய ஆரம்பம் இது. படிக்கிறேன், கேளுங்கள். 'மூன்று முறை கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை.'

எப்படி? எனக்கு இன்றைக்கும் இதுதான் பிடிக்கும். பெண் பார்க்க வருகிற காட்சி. ஊத்தங்கரையிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு செல்போன் ரிப்பேர் கடை. அம்மா உள்ளே பார்த்து, "அம்சா, காபி எடுத்தாம்மா" என்றார். அக்கா அடுப்படியில் கேசரி கிளறிக்கொண்டு நிற்கிறாள், அவளுடைய வலது காது எங்கள் பக்கம். வரவில்லை. அம்மா மறுபடி கூப்பிட்டார். வரவில்லை. மாப்பிள்ளையின் அத்தை, கல்லுப் பதித்த மூக்குத்தி போட்ட அம்மாள், "மகாராணி எறங்கி வர நேரமாவுமோ?" என்றாள். அப்பா சிரித்துக்கொண்டே, "கூச்சம்ங்க" என்றார். மூன்றாம் தடவை அப்பாவே கூப்பிட்டார், கத்தியே கூப்பிட்டார். கரண்டி சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரும்பவில்லை.

அப்போது அந்த அத்தை எழுந்தாள். சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போனாள். அக்காவின் வலது காதுக்குப் பக்கத்தில் நின்று ஒரு கை தட்டினாள். ஒன்றும் இல்லை. சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, இடது காதுக்கு மிக அருகில் இன்னொரு கை தட்டினாள். அக்கா துள்ளினாள் பாருங்கள், கரண்டி கீழே விழுந்து கேசரி அந்த அம்மாளின் பட்டுப்புடவையில் தெறித்தது. அத்தை வெளியே வந்து, "எந்திரிங்கடா, போலாம்" என்றாள். மாப்பிள்ளை மட்டும் தட்டில் இருந்த மிக்சரைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தான்.

அந்தக் கைதட்டல் இருக்கிறதே, அண்ணா, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, அதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்தே இருக்காது. என் நண்பர்களுக்குப் படித்துக் காட்டினேன். மிக்சர் வருகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நானா? நான் அடுப்படி வாசலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு எட்டு வைத்து அவள் தோளைத் தொட்டிருக்கலாம்தான். தொட்டிருந்தால் காட்சி போயிருக்கும். இல்லை இல்லை, அப்போது நான் கதை எழுத ஆரம்பிக்கவில்லை. அப்போது ஏன் எழுந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. வந்தவர்கள் முன்னால் நான் நடந்து போனால் மரியாதையாக இருக்காது என்று நினைத்திருப்பேன்.

மேடம் இதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பொண்ணுக்கு ஏன் காது கேக்கல? பொறந்ததுலேர்ந்தா?"

"இல்ல மேடம். மில்லுல வேலை செஞ்சு அப்படி ஆயிடுச்சு."

"அப்ப மில்லுல ஆரம்பிங்க."

இதுதான் வீட்டுப் பழக்கம் என்றேனே, அது. வலது காது சுத்தமாகப் போய்விட்டது. இடது காதில் பாதி இருக்கிறது. நாங்கள் எல்லாரும் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம். முகத்தைப் பார்த்துப் பேசினால் மீதியை உதட்டை வைத்தே பிடித்துவிடுவாள். கெட்டிக்காரி.

இது காரிமங்கலமா? கூட்டம் ஏறுகிறது. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஆரம்பம். 'விடியற்காலையில் மில் வேன் வந்து ஊர் முகப்பில் ஹாரன் அடித்தது.' கொஞ்சம் சாதாரணமாக இருக்கிறதோ? எங்கள் பக்கம் தெரிந்திருக்கும் உங்களுக்கு. நூல் மில்லில் இருந்து ஏஜென்ட் வருவான். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை, முடிவில் கல்யாணத்துக்கென்று ஒரு தொகை. பன்னிரண்டாவது முடித்த அந்தக் கோடையிலேயே அக்கா போனாள். அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் வேனில் ஏறினாள், நான் பொய் சொல்ல மாட்டேன். ஏறுவதற்கு முன் அவளுடைய கால்குலேட்டரை என்னிடம் கொடுத்தாள். கணக்கில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் வாங்கியதற்காகக் கமலக்கண்ணன் சார் அவளுக்கு வாங்கித் தந்தது. "பேட்டரி மாத்தியிருக்கேன்டா" என்றாள். நான்கு வருஷமும் அதில்தான் கணக்குப் போட்டேன். இன்னும் வேலை செய்கிறது.

மில்லில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் தருவார்கள். மற்ற பெண்கள் அம்மாவிடம் பேசி அழுவார்களாம். அக்கா எனக்குத்தான் பேசுவாள். எனக்கு முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. தொகையீடு எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. அவள் பன்னிரண்டாம் வகுப்பில் படித்ததை வைத்தே சொல்லித் தருவாள். பத்து நிமிஷத்தில் ஒரு கணக்கு. இரண்டாவது வருஷத்தில், "சத்தமாச் சொல்லுடா, சத்தமாச் சொல்லு" என்று ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல். டவர் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டேன். நூல் ஓடுகிற சத்தத்துக்குக் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்றாளாம். சூப்பர்வைசர் எடுக்கச் சொல்லிவிட்டானாம், அவன் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நான் விசாரிக்காததால் அவளும் சொல்லவில்லை.

நான் தேறினேனா? தேறினேன் அண்ணா, நான்காவது தடவை.

இந்த ஆரம்பத்தை அனுப்பினேன். மேடம் இரண்டு நாள் கழித்துப் பேசினார். "தம்பி, ஒரு எடத்துல கட்ஆஃப் நூத்தி எழுபத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்களே, அந்தப் பொண்ணோடதா?"

"ஆமா மேடம்."

"தம்பியோடது?"

"நூத்தி அம்பத்தொண்ணு."

"நூத்தி எழுபத்தெட்டு வாங்கினவ ஏன் மில்லுக்குப் போனா? நூத்தி அம்பத்தொண்ணு ஏன் காலேஜுக்குப் போச்சு?"

அந்த எண்ணை நான் எடுத்திருக்க வேண்டும். பெருமைக்காக எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் அந்த மதிப்பெண் யாரும் வாங்கியதில்லை. கதை எழுதும்போது பெருமை ஆகாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மூன்றாவது. இதற்கு உங்களுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் பிள்ளைகள்... இல்லையா? சொல்கிறேன். ஒரு வீட்டில் யாருமே பட்டம் படித்ததில்லை என்றால், முதலில் படிக்கப் போகிற பிள்ளைக்குத் தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் தருவார்கள். கவுன்சிலிங்கில் அதைக் காட்டினால் இன்ஜினீயரிங் படிப்புக்குக் கட்டணத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும். ஆனால் வீட்டுக்கு ஒன்றுதான். ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் அடுத்த பிள்ளைக்குக் கிடையாது. அதுவும் சரிதான், முதல் என்றால் ஒருவர்தானே இருக்க முடியும்.

அக்காவும் நானும் ஒரே வருஷம் பன்னிரண்டாவது எழுதினோம். அவளுக்குத்தான் சான்றிதழ் என்று வீட்டில் பேசியாகிவிட்டது. அவளுக்கு அரசாங்கக் கல்லூரியிலேயே கிடைக்கும், நான் ஏதாவது ஐ.டி.ஐ. போகலாம் என்று கமலக்கண்ணன் சார்தான் சொன்னார். அன்றைக்கு அக்கா அம்மாவோடு நிலக்கடலைக் களைக்குப் போயிருந்தாள். பேப்பர்களைக் கொடுத்து என்னை அரூர் இ-சேவை மையத்துக்கு அனுப்பினாள். அவளுக்கு முதல் பட்டதாரி, எனக்குச் சாதிச் சான்றிதழ்.

கதையில் இப்படி ஆரம்பித்தேன்: 'அலுவலகத்தில் யாரோ பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்கள்.'

மேடம் விடவில்லை. "அது எப்படித் தம்பி மாறும்? மனுவுல என்ன பேர் இருக்கோ அதான சான்றிதழ்ல வரும்? மனுவைக் கொண்டுபோய்க் குடுத்தது யாரு?"

"அது கதைக்குத் தேவையில்ல மேடம்" என்றேன்.

உங்களுக்கும் தேவையில்லைதான். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள்... கேட்கவில்லையா? கேட்கிற மாதிரிப் பார்த்தீர்கள். சொல்லிவிடுகிறேன். இ-சேவையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் பேப்பர்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முதல் பட்டதாரி யாருக்கு?" என்று கேட்டார். நான் எனக்கு என்றேன். அவ்வளவுதான். அவர் 'யாருக்கு' என்றுதான் கேட்டார், அண்ணா. 'யாருக்கு மார்க் அதிகம்' என்று கேட்டிருந்தால் நான் அக்கா பெயரைத்தான் சொல்லியிருப்பேன். நேராகக் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா ஓடிவந்தாள். கையில் இருந்த மண்ணைக்கூடக் கழுவவில்லை. "என்னடா, போட்டாச்சா?" என்றாள். "சர்வர் வேலை செய்யலக்கா" என்றேன். "நாளைக்குப் போறேன்" என்றேன். மறுநாள் போனேன், மறுநாள் உண்மையிலேயே சர்வர் வேலை செய்யவில்லை. வேண்டுமானால் அந்த மையத்தில் விசாரித்துக்கொள்ளலாம். ஒரு நாள் முன்பின்னாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

வி.ஏ.ஓ. விசாரணைக்குக் கூப்பிட்டபோது அப்பாவை நான்தான் அழைத்துப் போனேன். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். காட்டிய இடத்தில் போட்டார். வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லா வரணும்டா" என்றார்.

சான்றிதழ் என் பெயரில் வந்தது. "ஆபீஸ்ல மாத்திப் போட்டுட்டாங்க" என்றேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கமலக்கண்ணன் சாருக்குத்தான் கோபம். "இதெல்லாம் மாத்தலாம். தாலுகா ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தா பழைய மனுவை எடுத்துப் பாப்பாங்க. தப்பு எங்கன்னு தெரிஞ்சிடும். நாளைக்குக் காலைல வண்டி கொண்டாறேன், கெளம்பி இரு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது. அக்காதான் ரசம் கரைத்துக் கொடுத்தாள்.

காலையில் அவள் பம்புசெட்டுக்குத் துணி துவைக்கப் போனாள். என்னுடைய நல்ல பேன்ட்டையும் துவைக்கப் போட்டிருந்தேன். டவுனுக்குப் போட்டுக்கொண்டு போக ஒன்றுதான் இருந்தது, கவுன்சிலிங்குக்கு வேண்டுமே. கவுன்சிலிங்குக்கு எப்படியும் போகப் போகிறேன் என்றுதான் மனதில் இருந்திருக்கிறது போல. துவைத்துவிட்டு வந்தாள். கொடியில் காயப்போட்டாள். சார் வண்டியோடு வந்து நின்றார். அக்கா வெளியே போய், "வேணாம் சார். தம்பியே படிக்கட்டும்" என்றாள்.

சார் திட்டினார். "கெஞ்சிக் கேட்டாலும் இந்த மார்க் யாருக்கும் வராது. பயந்தாங்கொள்ளி" என்றார். வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவளிடம் பேசவே இல்லை. மில்லுக்குப் போகிற அன்றைக்குக்கூட வரவில்லை.

கதையில் இந்த இடத்தில் நான் எழுதியிருக்கிறேன்: 'கடைசி நேரத்தில் அவளுக்கே ஆர்வம் குறைந்துவிட்டது.' எனக்கு அப்படித்தான் தோன்றியது. பெண் பிள்ளைகள் அப்படித்தானே, ஆபீஸ் கீபீஸ் என்றால் தயங்குவார்கள்.

தண்ணீர் இருக்கிறதா, அண்ணா? வேண்டாம், வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மருந்து சாப்பிட வேண்டியிருக்கும் உங்களுக்கு.

அப்புறம் ஒரு வாரம் தூக்கமில்லாமல் யோசித்து நாலாவது ஆரம்பத்தைக் கண்டுபிடித்தேன். மூன்று என்று சொன்னேன் இல்லையா, இதையும் சேர்த்தால் நான்கு. மேடம் முன்னாடி போ, முன்னாடி போ என்கிறார். அவருக்கு அந்த இ-சேவையில் போய் நிற்க வேண்டும். நான் அதையும் தாண்டி முன்னாடி போய்விட்டேன். 'அவளுக்குப் பத்தாம் வகுப்பில் டைபாய்டு வந்தது.'

உண்மை, அண்ணா. டைபாய்டு வந்து அவளுக்கு ஒரு வருஷம் போனது. அதனால்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அந்தக் காய்ச்சல் மட்டும் வராமல் இருந்திருந்தால் அவள் ஒரு வருஷம் முன்னாலேயே சான்றிதழ் வாங்கிக் கல்லூரிக்குப் போயிருப்பாள். யாரும் யாரையும் எதுவும் கேட்டிருக்க வேண்டியதே இல்லை. பாருங்கள், எவ்வளவு சுத்தமான ஆரம்பம்! காய்ச்சலில் ஆரம்பித்தால் மற்றதெல்லாம் தானாக வருகிறது. இ-சேவை ஒரே வரியில் போய்விடுகிறது. எழுதி முடித்த அன்றைக்கு, எத்தனையோ நாளுக்குப் பிறகு, இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

மேடம் படித்துவிட்டு, "யார் மேலயும் தப்பில்லாத கதையா இருக்கே" என்றார். "உங்க அக்கா படிச்சாங்களா?" என்றார்.

"கதையில வர்றவங்க என் அக்கா இல்ல மேடம்."

"சரி. கதையில வராத உங்க அக்காகிட்ட ஒரு தடவ குடுத்துப் பாருங்க."

அக்கா இப்போது ஓசூரில் ரோஜாப்பூ பேக்கிங் பண்ணுகிற இடத்தில் இருக்கிறாள். வெளிநாட்டுக்குப் போகிற பூ. காம்பின் நீளம் பார்த்துத் தரம் பிரித்துக் கட்ட வேண்டும். குளிர் அறை, மெஷின் சத்தம் கிடையாது. "நிம்மதியா இருக்குடா" என்பாள். மில்லில் சொன்ன தொகை முழுசாக வரவில்லை, கல்யாணமும் ஆகவில்லை. கதையைக் கூரியரில் அனுப்பினேன். "பிழை இருந்தால் திருத்து" என்று எழுதி அனுப்பினேன். அவளுக்குத் தமிழும் நன்றாக வரும்.

நேற்று திரும்பி வந்தது. ஒரு பிழை திருத்தவில்லை. ஒரு வார்த்தை எழுதவில்லை. முதல் பக்கத்தில், டைபாய்டு வரிக்கு மேலேயே, ஒரு சிறு தாளைக் குண்டூசியால் குத்தியிருந்தாள்.

இதுதான். பாருங்கள். கையில் வாங்கிப் பாருங்கள், கிழியாது, பின்னால் செல்லோடேப் ஒட்டியிருக்கிறாள். இ-சேவை ஒப்புகைச் சீட்டு. விண்ணப்பதாரர் பெயர் வேடியப்பன். முதல் பட்டதாரிச் சான்றிதழ். தேதி, பதினொன்று நாற்பத்திரண்டு என்று நேரம்கூட இருக்கிறது. சர்வர் வேலை செய்யவில்லை என்று நான் சொன்ன அதே நாள். ஓரமெல்லாம் சுருண்டு மை ஊறியிருக்கிறது பாருங்கள், தண்ணீர் பட்டது. பேன்ட் பையில் வைத்து மறந்திருக்கிறேன். துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். ஏழு வருஷமாக வைத்திருக்கிறாள், அண்ணா. மில் விடுதியில், அத்தனை பேர் ஒரு அறையில், எங்கே வைத்திருந்தாளோ.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அப்புறம்... நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உங்களிடம் சொன்னேன் இல்லையா, அதனால் இதையும் சொல்கிறேன். அப்புறம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆரம்பம் கிடைத்துவிட்டது!

'துவைக்க எடுத்த பேன்ட்டின் பையில் ஒரு தாள் இருந்தது. ஈரக் கையோடு அவள் அதைப் பிரித்தாள்.' அங்கேயே, குளியலறையில் நின்றுகொண்டே போனில் தட்டினேன். இந்த ஈரக் கை நன்றாக வந்திருக்கிறது, இல்லையா?

உடனே மேடத்துக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். "இதுதான். இங்கதான் கதை ஆரம்பிக்குது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர், "அப்ப அவ மனு குடுக்காம நின்னது, பழைய மனுவை எடுத்துப் பாத்தா அந்தத் தம்பி மாட்டிக்குவான்னுதான? அதப் போயி ஆர்வம் குறைஞ்சிடுச்சுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார். நான் அதை யோசிக்கவே இல்லை, அண்ணா. நல்ல கோணம். அந்த வரியை அடித்துவிட்டு அதையும் சேர்த்துவிட்டேன். இதோ, இந்தச் சிவப்பு.

கிருஷ்ணகிரி வந்துவிட்டது. பஸ் இங்கே பத்து நிமிஷம் நிற்கும்.

இன்னும் ஒரே ஒரு சிக்கல்தான். மேடம் கடைசியாகக் கேட்டார். "அந்தத் தம்பி இத்தன வருஷத்துல அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையா? ஒரு வரி வேணும் தம்பி. அவளிடம் சொன்னேன்னு ஒரு வரி. அது இல்லாம நான் இதப் போட மாட்டேன்." அப்படியே எழுதிவிட்டுப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள். ஆனால் நடக்காததை நான் எழுத மாட்டேன். அதனால்தான் ஓசூர் போகிறேன்.

எல்லாம் யோசித்து வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு அவர்களுக்கு டீ விடுவார்கள். வாசலில் சிமெண்ட் பெஞ்சு இருக்கிறது, ரோட்டைப் பார்த்த மாதிரி. நான் முன்னாலேயே போய்ப் பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்துவிடுவேன், அவள் வந்து உட்கார்ந்தால் நான் அவளுடைய வலது பக்கம் இருப்பேன். வலது பக்கம். முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவேன், பார்த்தால்தானே உதட்டை வைத்துப் பிடிப்பாள். சொன்ன மாதிரியும் ஆகிவிடும். 'அவளிடம் சொன்னேன்' என்று எழுதினால் அதில் ஒரு பொய்யும் இருக்காது. அவளுக்கும் பாவம், வேலை நேரத்தில் மனசு கஷ்டப்படாது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? சூளகிரிக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, அண்ணா. டிக்கெட் அதுவரைக்கும் எடுத்திருக்கிறீர்கள்.

சரி, போவதானால் போங்கள். போவதற்கு முன் ஒரே ஒரு உதவி. எழுந்ததுதான் எழுந்தீர்கள், இந்த ஜன்னல் பக்கம் வந்து உட்காருங்கள். ஒரு நிமிஷம்தான். நான் உங்களுக்கு வலது பக்கம் வந்துவிடுகிறேன். இன்ஜினையும் நிறுத்திவிட்டார்கள், நல்லதாகப் போயிற்று. என்னைப் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள். அந்தக் கொய்யாப்பழக் கூடைக்காரியைப் பாருங்கள். ஒரே வரிதான், காலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன்.

"அக்கா, அன்னைக்கு சர்வர் வேலை செஞ்சுது."

கேட்டதா உங்களுக்கு?

கேட்டதென்றால் இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.